யாருடைய கை?

ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன் 'மை', 'ஹிஸ்' போன்ற உடைமைச் சொல்லை இடுவதா, 'தி' என்பதை இடுவதா என்னும் ஐயம் நம்மவர் பலருக்கு எழுவதுண்டு. நம் மொழி இவ்விடத்தில் என்ன செய்கிறது என்று முதலில் காண்போம்.

'கையைக் கழுவினான்' என்கிறோம். எவன் கை என்று யாரும் வினவுவதில்லை. ஆங்கிலமோ 'ஹி வாஷ்ட் ஹிஸ் ஹாண்ட்ஸ்' என்று உடையவனைச் சுட்டும். 'தி ஹாண்ட்ஸ்' என்றால், வேறெவர் கையையோ கழுவினான் போலும் என்று கேட்பவர் மயங்குவர். உடலுறுப்பு, உற்றார், உடுத்த உடை ஆகிய மூன்றுக்கும் பெரும்பாலும் இதுவே விதி.

ஆனால் உடையவர் முன்னரே செயப்படுபொருளாக வந்துவிட்டால் விதி மாறும். 'ஷி டுக் மீ பை தி ஹாண்ட்' என்பர். 'மீ' என்றதுமே கை யாருடையது என்பது விளங்கிவிடுவதால், பின்னர்த் 'தி' என்பதே போதுமானது.

உறவுப் பெயரில் மற்றோர் இடர் உண்டு. உடன்பிறந்தார் இல்லாதவரும் தமிழில் 'எங்கள் அம்மா' என்பது வழக்கு. விடுப்பு விண்ணப்பத்தில் அந்தப் பன்மையை அப்படியே ஆங்கிலமாக்கினால், நோயுற்ற அன்னையைக் கவனிக்க வேறு மக்களும் உளர் என்று அதிகாரி கருதக்கூடும். அங்கு 'மை மதர்' என்பதே தக்கது.

பிற மாநிலங்களில் வளரும் நம் பிள்ளைகளிடம் இதன் மறுபக்கத்தைக் காண்கிறோம். 'எனக்குத் தலை வலிக்கிறது' என்னும் இடத்தில் 'என் தலை வலிக்கிறது' என்கின்றனர். பொருள் விளங்கினும் மரபு பிறழ்கிறது. ஆங்கிலம் உடைமையாகக் கூறுவதை நாம் நான்காம் வேற்றுமையால் கூறுகிறோம். வீட்டில் பெரியோர் இதனை அன்போடு எடுத்துரைத்தல் நலம்.

இறுதியாக ஒன்று. முருகன் கந்தனிடம் 'ஹிஸ் ஹவுஸ்' விற்கப்பட்டதாகக் கூறினான் என்று ஆங்கிலத்தில் இருந்தால், அவ்வீடு இருவருள் யாருடையதும் ஆகலாம். தமிழிலோ 'தன் வீடு' என்றால் முருகனுடையது. கந்தனுடையதாயின் அவன் பெயரையே சொல்லித் தெளிவாக்கலாம். ஆகவே பத்திரங்களையும் கடிதங்களையும் மொழிபெயர்ப்போர் இவ்விடத்தில் ஊகிக்கலாகாது. உடையவர் யாரெனக் கேட்டறிந்த பின்னரே எழுதுதல் வேண்டும். ஒரு சிறு சொல்லால் ஒருவர் வீடு மற்றவருக்குப் போய்விடலாகாது அன்றோ?