கடல் ஏன் நீலம்?
கடல் ஏன் நீலம் என்று நம் தூத்துக்குடிப் பிள்ளைகளைக் கேட்டால், வானத்தின் நிறம் அதில் தெரிகிறது என்பார்கள். ராலே பிரபு என்ற மேதையும் அப்படித்தான் எண்ணினார். 1921-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிய சி.வி.ராமன், நிக்கோல் பட்டகம் வழியே கடலைப் பார்த்தார். நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வான ஒளியை அது தடுத்தது. நீலமோ மறையவில்லை, இன்னும் அடர்ந்தது! நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்றார். நீர் சிவப்பை உறிஞ்சுவதும் சேர்ந்துதான் அந்த நீலம். அந்தத் தேடல் தொடர்ந்தது. வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணனும் துணைநிற்க, சிதறும் ஒளியில் சிறு பகுதி நிறம் மாறுவதைக் காட்டும் ராமன் விளைவு 1928-இல் பிறந்தது. இயற்பியல் ஆசிரியர்களே, ஒளிச் சிதறல் பாடத்தைச் சூத்திரத்தில் தொடங்காதீர்கள். பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போங்கள். ராமனின் பட்டகம் செய்த வேலையைச் செய்ய, கையில் ஒரு போலராய்டு கண்ணாடி இருந்தால் போதும்.