வடிகால் எங்கே முடிகிறது?



புரட்டாசி முடியப்போகிறது. ஐப்பசி மழைக்கு முன் வீட்டுத் தோட்டத்தில் நமக்கு வேலை உண்டு. காற்றில் முறியும் முருங்கைக் கிளைகளைக் கழிக்கிறோம். குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுக்கிறோம். தண்ணீர் தேங்கி வேர் அழுகாதபடி வடிகால் வெட்டுகிறோம். அந்த வடிகால் எங்கே போய் முடிகிறது?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகியதை அறிந்தவர்கள் நாம். நம் தோட்டத்துத் தண்ணீர் பக்கத்து வீட்டு அடுக்களைக்குள் போய்விடக் கூடாது.

லூக்கா நற்செய்தியில், காய்க்காத அத்திமரத்தை வெட்டிவிடச் சொன்னார் உரிமையாளர். தோட்டக்காரரோ இன்னும் ஓராண்டு கேட்டார்; சுற்றிலும் கொத்தி எருப்போடும் வேலையைத் தாமே ஏற்றார். அவருடைய இரக்கத்தில் உழைப்பும் இருந்தது.

இந்த வாரம் அண்டை வீட்டாரோடு பேசி, தெரு வாறுகால் வரை சேர்ந்தே வெட்டுவோம். தனியே இருக்கும் முதியவர் வீட்டில் நாமே மண்வெட்டி பிடிப்போம். ஆமென்.