விலையைச் சொல்வது யார்?



ஹோல்சேல், ரீடெயில், கமிஷன், டெண்டர், ரிபேட், ஆஃபர், இ.எம்.ஐ. பரமக்குடிக் கடைத்தெருவில் அரைமணி நேரம் நின்றால் இத்தனையும் காதில் விழும். எல்லாம் விற்பனையைப் பற்றிய ஆங்கிலச் சொற்கள். ஆனாலும் பஸ்ஸின் தலையில் வத்தல் மூட்டையை ஏற்றி வருகிற சம்சாரிக்கு இவற்றில் எதற்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. இதில் எந்த முறையில் சரக்கு விற்றாலும் இரண்டு கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டும். விலையைச் சொல்வது யார்? பணம் கைக்கு வருவது எப்போது?

முதலில் வத்தலையே எடுத்துக்கொள்வோம். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. நம் பக்கத்தில் குண்டு வத்தல் என்போம். ஐப்பசி மழையை நம்பி விதைத்து, தை, மாசியில் பழம் பறிக்கத் தொடங்கி, களத்தில் காயப்போட்டு, சாக்கில் கட்டிக் கமிஷன் கடைக்குக் கொண்டுவருவார்கள். அங்கே வியாபாரி மூட்டைக்குள் கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளுவார். ஒரு வத்தலைக் காதருகே வைத்து ஆட்டுவார். உள்ளே விதை கலகலத்தால் நன்றாகக் காய்ந்திருக்கிறது. சத்தம் வராவிட்டால் ஈரம் இருக்கிறது. வெளுத்துப்போன சண்டு வத்தல் எவ்வளவு கலந்திருக்கிறது என்று கண்ணாலேயே கணக்குப் போடுவார். விலை அங்கேயே முடிவாகிவிடும். பிறகு சாக்கு எடை, கமிஷன், இறக்குகூலி எல்லாம் கழிந்து சீட்டு கைக்கு வரும்.

கமிஷன் கடை என்றாலே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. உர மூட்டைக்குப் பணம் இல்லாதபோது, மகள் கல்யாணத்துக்குத் தேவைப்படும்போது, கேள்வி கேட்காமல் கொடுப்பது அந்தக் கடைதான். ஆனால் அந்த முன்பணத்தை வாங்கிய பிறகு வத்தலை வேறு கடைக்குக் கொண்டுபோக முடியாது. விலை சரியில்லை என்று மூட்டையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. காசு வாங்கிய அன்றைக்கே பாதி வியாபாரம் முடிந்துபோகிறது. செடி அப்போது பூத்திருக்கக்கூட மாட்டாது.

இதற்கு மாற்றாகத்தான் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் வந்தது. இதற்கான சட்டம் சென்னை மாகாணத்தில் 1933லேயே போடப்பட்டது. அங்கே மறைமுக ஏலம் நடக்கும். வியாபாரிகள் குவியலைப் பார்த்துவிட்டு, அவரவர் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. அதிக விலை எழுதியவருக்குச் சரக்கு; அந்த விலை கட்டாவிட்டால் சம்சாரி மறுத்துவிடலாம். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கேயும் ரகசியம்தான். ஆனால் அந்த ரகசியம் தரகருக்குத் தெரியும், பல சமயம் மாட்டுக்காரருக்குத் தெரியாது. பெட்டி ஏலத்தில் முடிவு எல்லார் முன்னாலும் வாசிக்கப்படுகிறது. 2016 ஏப்ரல் 14 அன்று தொடங்கிய இ-நாம் என்ற தேசிய மின்னணுச் சந்தை, இதே ஏலத்தைக் கணினிக்குக் கொண்டுபோனது.

கடற்கரைப் பக்கம் ஏலம் கூவி நடக்கிறது. பாம்பனிலும் ராமேஸ்வரத்திலும் மீன் கரைக்கு வந்தால் காத்திருக்க நேரமில்லை. வெயில் ஏற ஏற விலை இறங்கும். அங்கேயும் வலைக்கும் டீசலுக்கும் முன்பணம் வாங்கிய படகுக்காரர், பணம் கொடுத்தவருக்கே மீனைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளில் வாங்குகிற கடன்தான் மற்ற மாதங்களின் விலையைப் பேசுகிறது.

இனி தறிக்கு வருவோம். பரமக்குடியிலும், வைகைக்கு அக்கரையில் எமனேஸ்வரத்திலும், தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்கும். சேலையை நெய்கிறவர் சேலையை விற்பதே இல்லை. கூட்டுறவுச் சங்கமோ, தனியார் முதலாளியோ பாவும் ஊடையும் தருவார்கள். இவர் நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார். குடும்பமே உட்கார்ந்து உழைத்தாலும், கடையில் அந்தச் சேலைக்கு என்ன விலைச்சீட்டு ஒட்டுகிறார்கள் என்பதில் அவருக்குப் பேச்சில்லை.

சங்கத்துச் சேலையை வெளியூருக்குக் கொண்டுபோகிறது கோ-ஆப்டெக்ஸ். 1935ல் தொடங்கிய இந்த நிறுவனம், தீபாவளிக்கு 30 சதவீதம் தள்ளுபடி என்று அறிவித்ததும் கூட்டம் வரும். இந்த ரிபேட்டும், தனியார் கடை வாசலில் தொங்குகிற ஆஃபர் போர்டும் ஒன்று போலத் தெரியும். இரண்டும் ஒன்றில்லை. விலையை ஏற்றி எழுதிவிட்டுக் குறைத்துக் காட்டுவது ஒரு வியாபார உத்தி. கைத்தறிக்குத் தருகிற தள்ளுபடியில் அரசு மானியமும் சேர்ந்திருக்கிறது. சங்கத்தில் சரக்குத் தேங்கினால் அடுத்த பாவு கிடைக்காது, தறி நின்றுபோகும். அப்படி நிற்காமல் இருக்கத்தான் அந்த ரிபேட்.

ஆக, விற்கிற முறை எதுவானாலும் காத்திருக்க முடிந்தவர்தான் விலையைச் சொல்கிறார். அவசரத்தில் இருப்பவர் சொன்ன விலைக்குத் தலையாட்டுகிறார். ஊருக்கு ஊர், சரக்குக்குச் சரக்கு பெயர் மாறலாம். இந்தக் கணக்கு மாறுவதில்லை.

அதனால் சம்சாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். அறுவடை நேரத்தில் விலை இறங்கிக் கிடந்தால் உடனே விற்க வேண்டியதில்லை. ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிட்டங்கியில் சரக்கை வைத்து, அதன் மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன் வாங்கலாம். 180 நாள் வரை அவகாசம் உண்டு. முன்பணம் கேட்கப் போவதற்கு முன்னால், விற்பனைக்கூடக் கண்காணிப்பாளரை ஒருமுறை பார்த்துப் பேசுங்கள். எங்கே விற்றாலும் எடையையும் கழிவையும் தனித்தனியாக எழுதிய சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

சேலை வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பரமக்குடிப் பக்கம் வந்தால் கூட்டுறவுச் சங்கத்துக் கடையில் பில்லோடு வாங்குங்கள். நீங்கள் வாங்குகிற ஒவ்வொரு சேலையும் இன்னொரு பாவுக்கு வழி செய்கிறது.