பால்மரத்துப் பறக்கும் ஓணான்



மலேசியாவின் ஈப்போ பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டங்களில் காலையில் பறவை பார்க்கப் போகிறவர்கள், மரங்கொத்தியைத் தேடிப் பால்மரத்துப் பட்டையை மேலும் கீழுமாகப் பார்ப்பார்கள். அதே பட்டையில், அதே நிறத்தில், ஓர் ஓணான் ஒட்டிக்கொண்டிருக்கும். அசையாத வரை தெரியாது. திடீரென்று தொண்டைக்குக் கீழே மஞ்சள் கொடி ஒன்றை விரித்து மடக்கும். அது ஆண், 'இது என் மரம்' என்று மற்ற ஆண்களுக்குச் சொல்கிறது. அடுத்த கணம் காற்றில் பாய்ந்து பக்கத்து மரத்தைப் பற்றிக்கொள்ளும்.

இதுதான் பறக்கும் ஓணான். 1758-இல் உயிரியலாளர் லின்னேயஸ் இந்தப் பேரினத்துக்கு டிராகோ என்று பெயரிட்டார். நீண்டு வளர்ந்த விலா எலும்புகள் விரிக்கும் தோல்தான் இதன் இறக்கை. அதை அடித்துப் பறக்காது, மிதந்து இறங்கும். பெரும்பாலும் எறும்பையே தின்னும். பெண் ஓணான் முட்டையிடத் தரைக்கு வரும். தலையால் மண்ணைக் குழித்து, முட்டையிட்டு மூடும்.



எனவே, பைனாகுலரோடு கிளம்பினால் கிளைகளோடு நின்றுவிடாதீர்கள், அடிமரத்தையும் பாருங்கள். முட்டையிட இறங்கிய பெண் ஓணானைக் கண்டால், எட்டி நின்று வழிவிடுங்கள்.