சைக்கிள் செயினை நாமே சரி பார்க்கலாம்

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுத் தந்தது. நாம ஓட்டுறதோட நின்னுடாம, பழுது பார்க்கவும் பழகணும். பனியன் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வரும்போது செயின் கழன்றால் யாரை எதிர்பார்த்து நிற்பது?

மேட்டில் மிதிக்க லேசாக இருக்கட்டும் என்று 18 பல் ஃப்ரீவீலை எடுத்துவிட்டு 20 பல் போட்டால் செயின் இறுகும். இரண்டு பக்க நட்டையும் தளர்த்தி, பின் சக்கரத்தைக் கொஞ்சம் முன்னே தள்ளுங்க. செயினின் நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் ஆடணும். சக்கரம் இரண்டு பக்கக் கம்பிக்கும் சரிநடுவில் நிக்கணும். நட்டை இறுக்கிட்டு, பிரேக் கட்டை டயரில் உரசாம ரிம்மில் படுதான்னு பாருங்க. பெடலைக் கையால் சுத்திப் பார்த்த பிறகே ஏறுங்க. குழுவுக்கு ஒரு ஸ்பேனர் இருந்தாலே போதும்.