களத்துப் பாட்டும் கோயிற் பணியும்



திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தென்மேற்கே, குடாவை அண்டிப் பரந்து கிடக்கும் வயலூர் தம்பலகாமம். மேனாட்டார் இவ்வூரை அறிந்தது அக்குடாவில் விளையும் மெல்லிய கண்ணாடிச் சிப்பியினால். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கெலார்ட்டும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர்னெலும் அச்சிப்பியையும் அது ஈனும் சிறு முத்தையும் ஆராய்ந்து அறிக்கை எழுதினர். அவர்கள் வந்த வேலை அது; குறை கூறுவதற்கில்லை. ஆயினும், கரைக்கு அப்பால் நெற்களத்தில் நின்று பாடியவனுக்கு அத்தகைய ஏடு எளிதில் வாய்த்ததில்லை. அவனைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

பாடும்படி அவனை ஏவியது யாது? புகழா, பரிசிலா? இரண்டும் அல்ல. வேலையே அவனைப் பாட வைத்தது.

சூடு மிதிக்கும் இரவை எண்ணிப் பாருங்கள். வெட்டிய கதிரை உப்பட்டியாகக் கட்டிச் சூடு வைத்து, நாள் பார்த்துக் களவெட்டியிலே பரப்புவர். எருமைகளைப் பிணைத்துச் சுற்றி மிதிக்க விடுவர். பனி இறங்கும்; மாடு சோரும்; ஓட்டுபவனுக்கும் கண் சொருகும். அப்போது எழுவது பொலிப்பாட்டு. மாட்டை விளித்து, பொலி பெருகுமாறு வேண்டி, நீட்டி இழுத்துப் பாடுவான். மாட்டின் நடையே அதற்குத் தாளம். களத்தில் பேசும் மொழியும் வேறு. நெல்லைப் பொலி என்பர். மாட்டை வாரிக்காலன் என்பர். வழக்கமான பெயரைச் சொன்னால் பூதங்கள் விளைவைக் கவர்ந்து போகும் என்பது முன்னோர் அச்சம். அச்சம் பொய்யாகலாம், அதனாற் பிறந்த சொல்வளம் பொய்யன்று. கிழக்கிலங்கையின் உழவூர்கள் பலவற்றுக்கும் இது பொதுச் செல்வம்.

தம்பலகாமத்துக்கோ மற்றுமோர் ஊற்று உண்டு; அதுதான் ஆதிகோணநாயகர் கோயில். பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோணமாமலைக் கோயிலை இடித்தபின், கோணநாயகர் வழிபாடு இவ்வூரிலே தொடர்ந்தது. கவிராசவரோதயர் பாடிய கோணேசர் கல்வெட்டு, குளக்கோட்டு மன்னன் குடிகளை வருவித்துத் தொழும்பு வகுத்தான் என்கிறது. பூவெடுத்தல், மாலை கட்டல், விளக்கேற்றல், நெற்குற்றல், ஆடல், பாடல் யாவும் அங்கே பணிகளாகவே சொல்லப்படுகின்றன. கந்தளாய்க் குளத்தையும் அம்மன்னனே கட்டினான் என்பது ஊரார் மரபு. மகாவம்ச வழிவந்த வரலாறோ அதனை இரண்டாம் அக்கபோதிக்கு உரியதாக்கும். அவ்வழக்கு நமக்கு இப்போது வேண்டாம். நான் வியப்பது ஒன்றையே: நெற்குற்றுபவளையும் நடனமாடுபவளையும் ஒரே தொழும்பு வரிசையில் நிறுத்தினார்களே, அதனை! மாலை கட்டுபவர் தம்மைக் கலைஞர் என்று சொல்லிக்கொண்டதில்லை. அன்றைய பூசைக்கு மாலை வேண்டும், கட்டினார்.

வேலையினாற் பிறந்த கலைக்கு வேலை போனால் என்ன ஆகும்? 1986 ஏப்ரல் 20ஆம் நாள் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து, வாழ்வித்த நீரே வெள்ளமாய்ப் பாய்ந்தது. போர்க்காலத்திலே குடிகள் பலர் ஊர்விட்டு ஊர் போயினர். எனினும் வெள்ளம் வடிந்தது. போனவர்களிற் பலர் மீண்டனர். பொலிப்பாட்டை வாய்மூட வைத்தவை இவையல்ல. அறுவடை இயந்திரமே அதனைச் செய்தது. வெட்டுவதும் பிரிப்பதும் ஒரே ஓட்டத்தில் முடிகின்றன. இரவு விழிப்பு இல்லை, எருமை இல்லை, களவெட்டியும் இல்லை. உழவனின் முதுகெலும்பை அறிந்தவர் எவரும் இயந்திரத்தைப் பழிக்கமாட்டார். யானும் பழிக்கவில்லை.

இப்போது விழா மேடைகளிலே பொலிப்பாட்டைக் கேட்கிறோம். தலைப்பாகை புதிது, தாளம் விரைவு. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. எனக்கு அது நிறைவு தரவில்லை. மாட்டின் நடைக்கு இசைந்த பாட்டை மாடின்றி விரைந்து பாடினால், மூச்சு நிறுத்தும் இடங்களே மாறிப்போகின்றனவே! பாடுபவர் மீது பிழையில்லை. மெல்லப் பாடினாற் சபை எழுந்து போய்விடும் என்று அவர் அஞ்சுகிறார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். களத்தில் மாடு ஓட்டிய முதியவர் உங்கள் வீட்டில் இருந்தால், ஒலிப்பதிவுக் கருவியோடு அவரிடம் அமருங்கள். பாட்டை மட்டும் கேளாதீர்கள். எத்தனை மாடு பிணைத்தார்கள், எந்தச் சாமத்தில் எந்தப் பாட்டு, மாடு நின்றுவிட்டால் எப்படிக் குரல் கொடுத்தார் என்பவற்றையும் கேளுங்கள். முதலில் மறந்துவிட்டது என்றுதான் சொல்வார். மாட்டின் பெயரைக் கேட்டுப் பாருங்கள்; பாட்டு அதன் பின்னே வரும்.