பேர்கனில் நாலு நாள்

(சங்கத்தின் மாதாந்த ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. மலருக்காகச் சில இடங்களில் திருத்தி எழுதப்பட்டது.)



பெரியோர்களே, தாய்மார்களே, என் வயதொத்த நண்பர்களே! நான் ஒரு பேச்சாளன் அல்ல. உயர்தரத்தோடு படிப்பு நின்றுபோனவன். பகலும் இரவும் மாறிமாறித் தொழிற்சாலையில் நிற்கிறவன். போன மாதம் எங்கள் செயலாளர் அண்ணை தொலைபேசி எடுத்து, "தம்பி, ஏதாவது பயனுள்ள விசயம் ஒரு பத்து நிமிசம் பேசும்" என்றார். "எனக்கென்ன அண்ணை தெரியும்?" என்றேன். "நீரும் மனுசியும் பேர்கனுக்குப் போய் வந்தனீங்களாம், அதைச் சொல்லுமன்" என்றார். ஊர் சுற்றிப் பார்த்ததைச் சொல்வதில் யாருக்கு என்ன பயன் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்க்க, சொல்லவேண்டியது கொஞ்சம் இருக்கிறது என்று பட்டது.

முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. சொந்தக்காரர் வீடு இல்லாத, கலியாணம் சாமத்தியவீடு எதுவும் இல்லாத ஓர் இடத்துக்கு, சும்மா பார்ப்பதற்கென்று கணவனும் மனைவியுமாகப் போய் வந்தவர்கள் எத்தனை பேர்? கையை உயர்த்துங்கள் பார்ப்போம். (மண்டபத்தில் மூன்று கைகள் உயர்ந்தன.)

சரி, மூன்று பேர். நாங்கள் பயணமே போகாத சனம் இல்லை. இலண்டனுக்குப் போகிறோம், பாரிசுக்குப் போகிறோம், ரொறன்ரோவுக்குக் கடன்பட்டாவது போகிறோம். ஆனால் அது மொய் எழுதப் போகிற பயணம். விமான நிலையத்தில் இறங்கி, மச்சானின் காரில் ஏறி, மண்டபத்தில் இருந்து, சாப்பிட்டு, வீடியோவுக்குச் சிரித்து, திரும்பி வருகிறோம். அதற்கு முதல் நாங்கள் செய்த பயணங்களோ, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடியவை. 1995ஆம் ஆண்டு ஐப்பசிக் கடைசியில் செம்மணி வெளியால் சாவகச்சேரிப் பக்கம் நடந்தபோது நான் சின்னப் பெடியன். இன்றைக்கும் பயணப்பெட்டியைக் கண்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இனி, விடுமுறை பற்றி ஒரு வார்த்தை. நோர்வேயின் விடுமுறைச் சட்டப்படி தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 25 வேலைநாள் விடுமுறை உண்டு. சனிக்கிழமையையும் வேலைநாளாக எண்ணுவதால் அது நாலு கிழமையும் ஒரு நாளும் ஆகும். தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள இடங்களில் ஐந்து கிழமை. அதற்கென்று, முந்திய ஆண்டின் உழைப்பில் குறைந்தது 10.2 வீதம் விடுமுறைப் பணமாகக் கிடைக்கிறது. அந்த விடுமுறையைக் கொடுப்பது முதலாளியின் கடமை மட்டுமல்ல, அதை எடுப்பது தொழிலாளியின் கடமை என்றும் சட்டத்திலேயே இருக்கிறது.

நாங்கள் என்ன செய்கிறோம்? விடுமுறைப் பணம் வந்த அன்றே ஊருக்கு அனுப்புகிறோம், அல்லது வீட்டுக் கடனில் போடுகிறோம். விடுமுறைக் கிழமைகளில் வேறோர் இடத்தில் துப்புரவு வேலைக்குப் போகிறோம். குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. நானும் எட்டு வருடம் அப்படித்தான் செய்தேன். ஊரில் தங்கைக்குக் கலியாணம், அம்மாவுக்குக் கண் சத்திரசிகிச்சை. செய்யாமல் இருக்க ஏலுமா?

ஆனால் வீட்டுக்குள் என்ன நடந்தது தெரியுமா? எனக்குப் பின்னேர வேலை, மனைவிக்குக் காலை வேலை. அவ வரும்போது நான் வெளிக்கிடுவேன். நான் வரும்போது அவ நித்திரை. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுகிற துண்டில்தான் எங்கள் கதை எல்லாம். "கறி மேல்தட்டில்." "தண்ணீர்க் காசு கட்டவும்." ஒருநாள் அந்தத் துண்டில், "ஒன்பது வருசம் முடிஞ்சுது, நான் ஆரெண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்று எழுதியிருந்தா. அன்று எங்கள் திருமண நாள். எனக்கு நினைவில்லை.

அந்தப் பயத்தில்தான் நான் பயணச்சீட்டு எடுத்தேன். மலிவாகக் கிடைத்தது பேர்கனுக்கு. வாங்கிக் காட்டியபோது அவ சந்தோசப்படவில்லை. "கடல் இல்லாத இடம் ஒண்டும் கிடைக்கேல்லையோ?" என்று மட்டும் கேட்டா.

இதைச் சொல்ல அவவிடம் கேட்டுத்தான் வந்திருக்கிறேன். அதோ முன்வரிசையில் இருக்கிறா. அவ முல்லைத்தீவுக் கரையோரத்துப் பிள்ளை. தகப்பன் கடற்றொழிலாளி. 2009 பங்குனியில் மாத்தளன் கரையில் அவரை இழந்தவ. கோடையில் ஒஸ்லோச் சனம் எல்லாம் கடலில் குளிக்கப் போகும்போது, அவ ஒருநாளும் வந்ததில்லை. குளிருக்குப் பயம் என்று நானும் நினைத்திருந்தேன். ஒன்பது வருடமாக நான் கேட்கவும் இல்லை.

ஒஸ்லோவிலிருந்து பேர்கனுக்குப் புகையிரதத்தில் ஏறக்குறைய ஏழு மணித்தியாலம். 1909இல் திறந்த பாதை. மலையைக் குடைந்து குடைந்து போகிறது. பின்சே என்ற நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1222 மீற்றர் உயரத்தில். நாங்கள் போனது ஆனி மாதம். ஒஸ்லோவில் மேற்சட்டை இல்லாமல் திரிந்த சனம், பின்சேயில் இறங்கிப் பனியைக் கையால் அள்ளியது. மனைவி இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்திருந்தா. பெட்டி முழுக்கச் சம்பல் வாசம். முன்னால் இருந்த நோர்வீஜியக் கிழவி, "நல்லாய் மணக்குது" என்றா. கொஞ்சம் கொடுத்தோம். உறைப்பில் கண்ணீர் வர வரச் சாப்பிட்டா.

பேர்கனில் எங்கள் சனம் இருக்கிறது. எனக்குத் தூரத்துச் சொந்தமும் ஒருவர் இருக்கிறார். சொன்னால் வீட்டை விட்டு வெளியில் விடமாட்டார்கள். அதனால் சொல்லவில்லை. அவர் இதை வாசித்தால் என்னை மன்னிக்கவேண்டும். சமையலறையோடு ஒரு சின்ன அறை எடுத்தோம்.

முதல் நாள் இறங்கியதும் மழை. பேர்கனில் ஆண்டுக்கு 2000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும். ஏழு மலைகளுக்கு நடுவில் நகரம் கிடப்பதால், மேற்குக் கடலிலிருந்து வரும் முகில் மலையில் முட்டி அங்கேயே கொட்டிவிடும். எங்களிடம் ஒரு குடைதான் இருந்தது. காற்று அதையும் முறித்துவிட்டது. எந்தத் தெரு எங்கே போகிறது என்று தெரியாது. ஒரே சந்தியை மூன்று தரம் சுற்றினோம். "உங்களை நம்பி வந்தன் பாருங்கோ" என்று மனைவி சிரித்தா. தொழிற்சாலையில் எனக்கு எந்த யந்திரத்தின் எந்த ஆணியும் தெரியும். அங்கே இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது. ஒருவரை ஒருவர் கேட்டுத்தான் நடக்கவேண்டியிருந்தது. அது நல்லாய் இருந்தது.

இரண்டாம் நாள் 'பிறிக்கன்' என்கிற பழைய துறைமுகக் கரைக்குப் போனோம். வரிசையாக முக்கோணக் கூரை வைத்த மரவீடுகள். யேர்மன் வணிகர்கள் 1360ஆம் ஆண்டளவில் அங்கே தங்கள் அலுவலகத்தை நிறுவினார்கள். 1754 வரை, ஏறக்குறைய நானூறு வருடம் அது நடந்தது. இப்போதுள்ள கட்டடங்கள் 1702இல் நடந்த பெரும் தீக்குப் பிறகு பழைய அமைப்பிலேயே கட்டியவை. 1979இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமை இடமாக அறிவித்தது.

அங்கே வேலை செய்தவர்கள் எல்லாரும் வேற்று ஊரிலிருந்து வந்த ஆண்கள். பெடியன்களாக வந்து சேருவார்கள். கலியாணம் முடிக்கத் தடை. நெருப்புக்குப் பயந்து மரவீடுகளுக்குள் அடுப்பு மூட்டக்கூடாது. பின்னால் உள்ள பொது மண்டபத்தில்தான் சமையலும் சூடும். வாசித்தபோது, வந்த புதிதில் ஆறு பேர் ஓர் அறையில் கிடந்த எங்கள் காலம் ஞாபகம் வந்தது.

அவர்கள் வணிகம் செய்தது என்ன? கருவாடு! வடக்கே லொபோத்தன் தீவுகளில் பிடிக்கும் 'தொர்ஸ்க்' மீனை உப்பே போடாமல், குளிர்காற்றில் தடிகளில் தொங்கவிட்டுக் காயவைப்பார்கள். மரக்கட்டை மாதிரி ஆகிவிடும். அதைப் பேர்கனுக்குக் கொண்டுவந்து கொடுத்துத் தானியம் வாங்கிப் போனார்கள். அந்த நகரமே கருவாட்டில் எழும்பியது என்று சொன்னாலும் பிழையில்லை.

ஒரு கடைவாசலில் அந்த மீன் தொங்கியது. மனைவி கிட்டப்போய் மணந்து பார்த்தா. கனநேரம் பேசாமல் நின்றா. பிறகு சொன்னா: "அப்பா இப்பிடி முழுசாய்க் காயவிடமாட்டார். முதுகாலை கீறி, உப்புத் தடவி, மணலிலை பாய் விரிச்சுக் காயவிடுவார். காகத்துக்குக் காவல் நான்." ஒன்பது வருடத்தில் 'அப்பா' என்ற சொல்லை அவ எனக்கு முன்னால் அப்படிச் சொன்னது அன்றுதான். மழைக்குள் அந்தக் கூரைக்குக் கீழ் ஒரு மணித்தியாலம் நின்றோம். அவ சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டு நின்றேன். எல்லாவற்றையும் இங்கே சொல்லமுடியாது. நான் கலியாணம் முடித்தது யாரை என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள் ஹோகோன் அரசன் மண்டபத்துக்குப் போனோம். 1261இல் அவனுடைய மகன் மாக்னுசுக்கும் டென்மார்க் இளவரசி இங்கபோர்க்குக்கும் நடந்த கலியாண விருந்து அங்கேதான். கல்லால் கட்டிய பெரிய மண்டபம். ஆனால் அதன் கூரை பழசு இல்லை. 1944 சித்திரை 20ஆம் திகதி, யேர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில், வெடிமருந்து ஏற்றிய ஒல்லாந்துக் கப்பல் ஒன்று துறைமுகத்தில் வெடித்தது. 150க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் காயம். கப்பலின் நங்கூரம் மலையில் போய் விழுந்ததாம். அந்த மண்டபம் எரிந்து, சுவர் மட்டும் மிஞ்சியது. திருத்தி மறுபடி திறந்தது 1961இல்.

மனைவி சுவரைத் தொட்டுப் பார்த்தா. "இவையளுக்கும் நடந்திருக்கு" என்றா. சற்றுப் பொறுத்து, "இவையள் இறந்தாக்களை எண்ணி வச்சிருக்கினம்" என்றா. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போதும் என்னிடம் பதில் இல்லை.

நாலாம் நாள் வெயில் எறித்தது. புளோயன் மலைக்கு 1918இலிருந்து ஒரு கம்பி இழுவை வண்டி ஓடுகிறது. காசை மிச்சம் பிடிப்போம் என்று நாங்கள் நடந்தே ஏறினோம். பாதி வழியில் எனக்கு மூச்சு வாங்கியது. "யந்திரத்துக்கு எண்ணெய் விடவேணும்" என்று மனைவி பகிடி பண்ணினா. மேலே நின்று பார்த்தால் நகரம், துறைமுகம், தீவுகள், அதற்கப்பால் கடல். அவ கடலைப் பார்த்துக்கொண்டு நின்றா. முகத்தைத் திருப்பவில்லை.

அன்று இரவு பத்து மணிக்கும் வெளிச்சம். துறைமுகக் கரையில் படி இறங்கும் ஓர் இடத்தில் சப்பாத்தைக் கழற்றி, காலைத் தண்ணீரில் வைத்தா. "சரியான குளிர்" என்றா. இரண்டு நிமிடம்தான். பிறகு என் மேற்சட்டையில் காலைத் துடைத்தா.

அன்பானவர்களே, நாலு நாளில் துன்பம் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் கதை விடமாட்டேன். திரும்பி வந்த மறுநாளே வேலை. அவவுக்கு இரவில் கனவு இன்னும் வருகிறது. ஆனால் இப்போது என்னை எழுப்புகிறா. முன்பு எழுப்புவதில்லை. செலவு எல்லாமாக ஒன்பதாயிரம் குறோணர் அளவில் போனது. ஊருக்கு அனுப்பியிருக்கலாம் என்ற குற்ற உணர்வு எனக்கு இருந்தது. அம்மாவிடம் ஒளிக்காமல் சொன்னேன். "இவ்வளவு காலமும் பிள்ளையை எங்கையும் கூட்டிக்கொண்டு போகேல்லையோ?" என்று எனக்குத்தான் பேச்சு விழுந்தது.

எல்லாரும் பேர்கனுக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. காசு இல்லாவிட்டால் ஆக்கர் ஆற்றங்கரையால் கடல்வரை நடக்கலாம். மாதத்தில் ஒரு ஞாயிறு நாங்கள் இப்போது அப்படி நடக்கிறோம். சட்டம் தந்த விடுமுறையில் நாலு நாளாவது உங்கள் வீட்டு ஆளுக்கென்று எடுத்து வையுங்கள். ஒருவரும் உங்களைத் தெரியாத தெருவில் இரண்டு பேருமாய் வழி தவறிப் பாருங்கள்.

கடைசியாக, அந்தக் கருவாட்டில் ஒரு துண்டு வாங்கி வந்தோம். இரண்டு நாள் ஊறப்போட்டு, கத்தரிக்காயோடு குழம்பு வைத்தா. மாடிக்கட்டடம் முழுக்க மணந்து, பக்கத்து வீட்டார் வந்து கதவைத் தட்டினார்கள். உண்மையைச் சொன்னால், நல்லாய் இருக்கவில்லை. "உப்புப் போடாத கருவாடு கருவாடே இல்லை, அப்பா இருந்தால் சிரிச்சிருப்பார்" என்றா. சிரித்துக்கொண்டுதான் சொன்னா.